விரிசல் விட்ட ஹெட்டைத் தைத்தது: ஒரு 195 இஞ்சின் வேலை

எஸ்195 என்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின். சீனத் தயாரிப்பு. அதன் சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் வாயை மூடும் வார்ப்பிரும்புத் துண்டில், இரண்டு விரிசல். ஒன்றை மரை ஊசிகளால் தைத்தோம், மற்றொன்றைத் தொடவில்லை. வேலை நடந்த இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டுப் பின்கட்டு. ஹெட்டின் முகத்தை (சிலிண்டரோடு பொருந்தும் பக்கத்தை) கிரைண்ட் செய்ய மட்டும் ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் வீட்டிலேயே. அதே வகை இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

இந்த இஞ்சினைப் பார்க்காத தோட்டத்துக்காரர் குறைவு. சிலிண்டர் படுக்கை வாட்டத்தில் இருக்கும். போர் (சிலிண்டரின் விட்டம்) 95 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 115 மி.மீ., கொள்ளளவு 815 சி.சி., நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைசக்தி. எங்களுடையது முதலில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் டைனமோ ஓட்டியது. கோயிலுக்கு மின்சாரம் வந்த பிறகு சும்மா கிடந்ததைப் பெரியப்பா வாங்கி, காய்கறித் தோட்டத்துக்குப் பம்பு ஓட்ட வைத்தார். "சாமிக்கு வெளிச்சம் போட்ட இஞ்சின்" என்பார். புது ஹெட் வாங்கலாமே என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் மாறுவதற்கு அதுதான் காரணம்.

ரேடியேட்டர் கிடையாது. மேலே திறந்த தண்ணித் தொட்டி. அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் குளிரூட்டும் முறை. பழைய ஏற்பாடு என்று சிரிக்க வேண்டாம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2257 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரை தண்ணீர்ப் பக்கம் 100 டிகிரிக்கு மேல் ஏற வழியில்லை. ஆனால் மட்டம் இறங்கி ஹெட்டின் மேல்பாகம் காய்ந்துவிட்டால் கதை வேறு. புகைபோக்கி வழியைச் சுற்றியுள்ள இரும்புதான் முதலில் சூடேறும். இதற்காகவே தொட்டி மேல் சிவப்புத் தலையோடு ஒரு மிதவைக் கம்பி வைத்து அனுப்புகிறார்கள். எங்கள் இஞ்சினில் அந்த மிதவை காணாமல் போய்ப் பல வருஷம். ஒரு மத்தியானம் தொட்டி வற்றி ஆவி கிளம்பியதும், பெரியப்பா மகன் பதறிப்போய்க் கிணற்றிலிருந்து ஒரு வாளி பச்சைத்தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டான். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னான். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு பக்கம் திடீரென்று குளிர்ந்து சுருங்கும்போது, சூடாக இருக்கிற பக்கம் விடாமல் பிடிக்கும். நடுவில் பிளந்துகொள்ளும்.

கழற்றுவதற்கு முன்பே இஞ்சின் நிறையச் சொல்லிவிடும். இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து உடனே தொட்டியைப் பார்த்தோம். தண்ணீர் இன்னும் சூடேறவே இல்லை, ஆனால் குமிழ் வருகிறது. அப்படியென்றால் அது கொதி அல்ல. எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வேண்டும், அல்லது ஹெட் வெடித்திருக்க வேண்டும். அடுத்து எண்ணெய். ஓர் இரவு நிற்கவிட்டு அடிப்போல்ட்டைத் தளர்த்தினால், தண்ணீர் கலந்திருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எங்களுக்குக் கறுப்பு எண்ணெய் மட்டும் வந்தது, தண்ணீர் இல்லை. இந்த இஞ்சினில் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) நேராகத் தண்ணீரில் நிற்கும், அடியில் ரப்பர் வளையங்கள்தான் காவல். எண்ணெயில் தண்ணீர் இல்லை என்பதால் வளையங்கள் தப்பின என்று தெரிந்தது. மூன்றாவது, புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஹெட்டின் வெளிச்சுவரில் தண்ணீர் கசிந்து 'ஸ்ஸ்' என்று ஆவியானது. ஆக ஒன்றல்ல, இரண்டு இடம்.

தண்ணீரை இறக்கி, டீசல் குழாயைக் கழற்றி வாயை மூடி, சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் எடுத்தாகிவிட்டது. ராக்கர் மூடி, வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கர், புஷ் ராடு இரண்டும் வெளியே வந்தன. புஷ் ராடுகளை எது எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த இடத்திலேயே திரும்பப் போக வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே நட்டை முழுதாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், ஏற்கெனவே நோவு கண்ட ஹெட்டை நாமே வளைப்பது போலாகும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை. எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நெம்புகிற கட்டம் இது. நெம்பினால் முகத்தில் வடு விழும், அந்த வடு வழியாக மறுபடி ஒழுகும். நட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, ஸ்டட்டிலேயே விட்டுவிட்டு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் இருந்த இடத்தில் இருக்க, ஃபிளைவீலைக் கையால் அழுத்தத்துக்கு எதிராகச் சுற்றினோம். டீசல் குழாய்தான் கழன்றிருக்கிறதே, பற்றிக்கொள்ளும் பயமில்லை. உள்ளே அடைபட்ட காற்றே ஹெட்டைத் தள்ளிக்கொடுத்தது. சிலிண்டர் படுத்திருப்பதால் ஹெட் பக்கவாட்டில்தான் வரும். கடைசி நட்டை எடுக்கும்போது ஓர் ஆள் தாங்கிப் பிடிக்கட்டும், காலில் விழுந்தால் காலுக்கும் கேடு, ஹெட்டுக்கும் கேடு.

கேஸ்கெட்டைத் தூக்கி எறிவதற்கு முன் படிக்க வேண்டும். சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் ஓர் இடம் மட்டும் கருகி, அங்கிருந்து கறுப்புக்கோடு ஒன்று நேராகத் தண்ணித் துவாரத்துக்குப் போயிருந்தது. குமிழ் வந்த வழி அதுதான். ஒரு எச்சரிக்கை: பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கலாம். உலர்ந்தபடியே சுரண்டினால் தூசி நெஞ்சுக்குள் போகும். ஹெட்டில் ஒட்டியிருந்ததை நனைத்து ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டோம். கம்பி பிரஷ் போட்ட கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டு போகவில்லை.

வால்வு ஸ்பிரிங்கை அமுக்கத் தனிக் கருவி வாங்கவில்லை. ஒரு பெரிய ஜி-கிளாம்ப், அதன் வாய்க்கு ஒரு துண்டுக் குழாய், குழாயின் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினால் போதும். அந்த ஜன்னல் வழியாகப் பூட்டுத் துண்டுகளைக் காந்தத்தால் எடுத்தோம். கரியை அலுமினியத் தகட்டால் சுரண்டினோம், இரும்புச் சுரண்டி வேண்டாம். ஹெட்டுக்குள் இருந்த தண்ணீர் வழிகளைப் பார்த்தபோதுதான் எரிச்சல் வந்தது. ஓரத்தில் எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு, ஒரு வழி பாதிக்கு மேல் அடைந்திருந்தது. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிறைந்த இடம். சிம்மோர் பக்கத்துக் கந்தானில் அந்தக் கல்லை வைத்துத்தான் சிமெண்ட் ஆலையே நடக்கிறது. அந்த மண்ணில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைத் தினமும் கொதிக்கவைத்து ஆவியாக்கினால், சுண்ணாம்பு எங்கே போகும்? ஹெட்டிலேயே தங்கும். பொருக்கு படிந்த இடத்தில் வெப்பம் இரும்பிலிருந்து தண்ணீருக்கு இறங்காது. ஆக அந்த ஒரு வாளித் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

பொருக்கைக் கரைக்க எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கலந்து ஊறவைத்தோம். நுரைத்துக்கொண்டு இளகியது. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் சீக்கிரம் போகும்தான், இரும்பையும் சேர்த்துத் தின்னும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழுவியதும் டீசல் தடவி வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலையில் ஹெட் முழுக்கத் துரு.

அப்புறம் விரிசலைத் தேடும் வேலை. கடையில் சிவப்புச் சாயமும் வெள்ளை ஸ்ப்ரேயுமாகக் கேன்கள் கிடைக்கும். ஃபிட்டர் தாத்தா அதற்குக்கூட விடவில்லை. தாத்தா என்றால் சொந்தத் தாத்தா இல்லை. ரப்பர்த் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் அவர் ஃபிட்டர் தாத்தாதான். ஹெட்டை நன்றாகக் காயவைத்து, மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் ஒட்டத் துடைத்து, மேலே முகப்பவுடரைத் தூவச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மேலே ஏறி, பவுடரில் சாம்பல் நிறக் கோடாக நின்றது. ஒன்று, புகைபோக்கித் துவாரத்துக்கு மேலே வெளிச்சுவரில், விரல் நீளம். மற்றொன்று இரண்டு வால்வு இருக்கைகளுக்கும் நடுவில் உள்ள பாலத்தில், முடிக்கோடு.

பார்க்க முதலாவதுதான் பயமுறுத்தும். ஆனால் தாத்தா விரல் வைத்தது இரண்டாவதில். "தம்பி, இது தண்ணி வரைக்கும் போயிருந்தா ஹெட்டு கடைக்குத்தான். போகலைன்னா வெச்சு ஓட்டலாம். பார்த்துட்டுப் பேசு" என்றார். வால்வுகளுக்கு நடுவே இப்படி மெல்லிய கோடு விழுவது டீசல் ஹெட்டுகளில் சகஜம். ஃபோக்ஸ்வேகன் தன் பழைய டீசல் இஞ்சின்களுக்குக் கொடுத்த பட்டறைக் கையேட்டில், இருக்கைகளுக்கு நடுவிலான விரிசல் 0.5 மி.மீ. அகலத்துக்கு மேல் போகாவிட்டால் ஹெட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றே இருக்கிறது. அது வேறு இஞ்சின், அதன் அளவை இங்கே ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் கோடு தெரிந்தவுடன் ஹெட்டைக் குப்பையில் போட வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். ஆழம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அதற்குக் காற்றுச் சோதனை. ஹெட்டின் தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றடித்து, தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்ப்பது. கேட்க எளிது. முகம் முழுவதையும் ஒரே தகட்டால் மூடினால், பாலத்து விரிசலில் வரும் காற்று தகட்டுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். ஒன்றும் கண்ணில் படாது. அதனால் பழைய கேஸ்கெட்டை வைத்து வரைந்து, கனமான இரும்புத் தகட்டில் சிலிண்டர் வாய்க்கு நேராக வட்டமாக வெட்டினோம். தண்ணித் துவாரங்களை மட்டும் தகடு மூடும். எரியும் பக்கம் திறந்தே இருக்கும். இடையில் லோரி டியூப் ரப்பர். ஸ்டட் துளைகள் வழியாகவே போல்ட் போட்டு இறுக்கினோம். தகட்டில் ஒரு துளையிட்டுச் சைக்கிள் டியூபின் வால்வைப் பொருத்தியாயிற்று. வெளிச்சுவர் விரிசலுக்கு மேல் தற்காலிகமாக ரப்பரும் கட்டையும் வைத்துக் கிளாம்ப் போட்டோம். இல்லையென்றால் காற்று எல்லாம் அதன் வழியாகவே போய்விடும்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆறிக் கிடக்கும்போது இறுகி மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். துணி வேகவைக்கும் பழைய அண்டாவில் விறகு எரித்துக் காய்ச்சி, ஹெட்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கால் பம்பால் 30 பி.எஸ்.ஐ. வரை ஏற்றினோம். கம்ப்ரஸரை நேராக மாட்ட வேண்டாம். ரப்பர் பிடுங்கிக்கொண்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். முதலில் குமிழ் எல்லாம் தகட்டு ஓரத்தில், இறுக்கியதும் நின்றது. பிறகு டார்ச் விளக்கை அடித்து அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருக்கையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்றிரண்டு குமிழை ஈர்க்குச்சியால் தட்டிவிட்டோம். திரும்ப வரவில்லை. பம்பின் முள்ளும் இறங்கவில்லை. பெரியப்பா அதற்குள் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றப் போய்விட்டார்.

பாலத்து விரிசலை ஒன்றும் செய்யவில்லை. அதன் இரண்டு முனைக்கும் அப்பால் கூர்மையான சென்டர் பஞ்ச் கருவியால் ஒரு சின்னப் புள்ளி வைத்தோம், வால்வு இருக்கையைத் தொடாமல். அடுத்த முறை ஹெட்டைத் திறக்கும்போது கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் புது ஹெட். எரியும் பக்கத்து அழுத்தத்துக்கு எதிராக வீட்டில் ஒட்டுவதும் தைப்பதும் நடக்காத காரியம். எபாக்ஸி பசை தடவியதாகச் சிலர் சொல்வார்கள். அந்தச் சூட்டில் பசை நிற்காது.

இனி வெளிச்சுவர். பக்கத்து வீட்டு வெல்டர் அண்ணன் ஆர்வமாக வந்தார். "ஒரு ராடு போதும், அஞ்சு நிமிஷம்" என்றார். நல்ல கேட் செய்கிறவர், வார்ப்பிரும்பு வேறு. அதில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். சாதாரண ராடு போட்டு வேகமாக ஆறினால், வெல்டுக்கு ஒட்டிய இரும்பு கண்ணாடி மாதிரி கடினமாகி, ஆறும்போதே பக்கத்தில் புது விரிசல் விடும். நிக்கல் ராடு, முழு ஹெட்டையும் முன்கூட்டிச் சூடேற்றுவது, மெதுவாகச் சாம்பலுக்குள் ஆறவிடுவது என்று முறையாகச் செய்தால் வரும். அந்தச் சூட்டில் முகம் வளைந்தால் அதை நிமிர்த்துவது இன்னொரு வேலை. எங்கள் இஞ்சினில் தொட்டி திறந்தது, தண்ணீருக்கு அழுத்தமே இல்லை. தன் எடையில் நிற்கிற தண்ணீரைத் தடுக்கத் தையல் போதும். மூடி போட்டு அழுத்தம் ஏறும் ரேடியேட்டர் இஞ்சினாக இருந்தால் நான் இந்த வழிக்குத் துணிந்திருக்க மாட்டேன்.

தையல் என்பது இதுதான். விரிசலின் இரண்டு முனையையும் மறுபடி மண்ணெண்ணெய், பவுடர் போட்டுக் கண்டுபிடித்து, கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்று அப்பால் முனைக்கொரு துளை. விரிசலின் கூர்முனையில்தான் இழுவை எல்லாம் குவியும். அது வட்டத் துளையில் போய் முடிந்தால் மேலே ஓடாது. 5 மி.மீ. டிரில், எம்6 டேப். வார்ப்பிரும்பை எண்ணெய் விடாமல் உலர்வாகவே துளைக்கலாம். உள்ளே இருக்கும் கிராஃபைட் போதுமான வழுக்கலைத் தரும். கறுப்பு மாவாகத்தான் கொட்டும், சுருள் வராது. டேப்பைக் கால் சுற்று முன்னால், எட்டில் ஒரு சுற்று பின்னால் என்று ஓட்டினோம். டேப் உள்ளே முறிந்தால் அந்த ஹெட்டோடு நமக்குள்ள உறவும் முறிந்துவிடும்.

துளைகளில் திருகி இறக்கும் ஊசிகளுக்கு எம்6 மென்னிரும்பு மரைக்கம்பி. பித்தளை சுலபமாக நசுங்கும் என்று நான் வாங்கி வைத்திருந்தேன், தாத்தா ஒதுக்கிவிட்டார். சூட்டில் பித்தளை வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும், மென்னிரும்பு கிட்டத்தட்ட அதே அளவு விரியும். கம்பியை மரையில் திருகி, சுவரின் ஆழம் வந்ததும் மேலே ஆக்சா பிளேடால் பாதிக்கு மேல் அறுத்து, இன்னும் கொஞ்சம் திருகினால் அறுத்த இடத்தில் தானாக முறியும். ஒரு மில்லி தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் விரிசல் நெடுக இடைவெளி விட்டு ஊசிகள். பிறகு இரண்டு ஊசிக்கு நடுவில் அடுத்த துளை, அது இருபக்கத்து ஊசியையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்போதுதான் எல்லாம் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். விரிசலில் வெறும் இரும்பு தெரியாமல் கடைசியில் ஊசி வரிசை மட்டும் தெரியும்.

இந்த நடுத் துளைகள்தான் பொறுமையைச் சோதிக்கும். ஊசியின் இரும்பு மென்மை, ஹெட்டின் இரும்பு அதைவிடக் கடினம். டிரில் மென்மையான பக்கம் வழுக்கி ஓடப் பார்க்கும். நீட்டிய தலைகளை முதலில் அரத்தால் மட்டமாக்கி, சென்டர் பஞ்ச் ஆழமாக வைத்து, 3 மி.மீ.யில் வழி போட்டுப் பிறகு 5-க்குப் போனால் நேராக இறங்கும். வேகம் குறைவு, கை கனம் அதிகம். எல்லா ஊசியும் போனதும் உருண்டைத்தலைச் சுத்தியலால் லேசாக, நிறைய அடி. தலை நசுங்கிப் பரவி மரைக்குள் இறுக வேண்டும். ஓங்கி அடித்தால் சுவர் மறுபடி வெடிக்கும். தாத்தா அடித்தபோது சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்தினார். எனக்கு அந்தக் காது இல்லை, தலை பரவுவதைக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

கடைசியாக நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு). ஈப்போ லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அதைத் தண்ணீரில் கரைத்து, அரத்தில் விழுந்த இரும்புத்தூளைக் குழைத்துத் தையல் மேல் உட்பக்கமும் வெளிப்பக்கமும் அப்பி, ஈரத்துணி போட்டு விட்டுவிட்டோம். இரும்புத்தூள் துருப்பிடித்துப் பருத்து, மரையில் மிச்சமிருக்கும் சந்துகளை அடைத்துக்கொள்ளும். பாய்லர் காலத்து வித்தை. இப்போது டியூபில் வரும் சீலண்டும் அதையே செய்யும், ஆனால் இந்த இஞ்சினுக்கு இது பொருத்தமாகப் பட்டது. மறுபடி அண்டா, மறுபடி காற்று. தையலில் ஓர் இடத்தில் மட்டும் அபூர்வமாக ஒரு குமிழ். அங்கே இன்னும் நாலு தட்டு, இன்னும் கொஞ்சம் நவச்சாரம்.

முகத்தின் நேர்த்தியைப் பார்க்க, நேர்ப்பட்டை ஒன்றை ஹெட்டின் மேல் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து ஃபீலர் கேஜைச் சொருகினோம். கேஸ்கெட் கருகிய இடத்தில் 0.10 மி.மீ. இதழ் தடையில்லாமல் போனது. இதில் பாதி அளவாக இருந்திருந்தால் தடித்த கண்ணாடி மேல் ஈர எமரித்தாள் ஒட்டி, எட்டு போட்டுத் தேய்த்தே சரி செய்திருப்பேன். 0.10 மி.மீ.யை வார்ப்பிரும்பில் கையால் எடுக்கப் போனால், முகம் நேராவதற்குப் பதில் ஓரம் தேய்ந்து உருண்டுவிடும். சரி, ஈப்போ. இன்ஜெக்டரையும் கையோடு எடுத்துப் போய் அங்கேயே சோதிக்கக் கொடுத்தோம். அதைக் கையில் பிடித்து வீட்டில் தெளிக்க வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வேண்டவே வேண்டாம்.

பட்டறைத் தவுக்கே (முதலாளி) தையலைத் தடவிப் பார்த்து, பாலத்தையும் பார்த்து, "பெலி பாரு லகி செனாங் லா, ஆனே" என்றார், புதுசு வாங்குவதே சுலபம் என்று. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) புது ஹெட் வரும். பெரியப்பா கேட்காதவர் போல் வாசலைப் பார்த்தார். தவுக்கே சிரித்துக்கொண்டே ஹெட்டை மெஷினில் ஏற்றினார். எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவுதான் எடுக்கச் சொன்னோம். முகத்திலிருந்து எடுக்கும் ஒவ்வொரு நூலும் வால்வைப் பிஸ்டனுக்கு அருகே கொண்டு வருகிறது.

வால்வு தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. புகைபோக்கி வால்வில் பொட்டுப் பொட்டாகக் குழி, அதற்கு முதலில் முரட்டுப் பேஸ்ட், பிறகு மெல்லியது. சுற்றாமல் இப்படியும் அப்படியுமாகத் திருப்பி, அடிக்கடி தூக்கி இடம் மாற்ற வேண்டும். சுற்றிலும் அறாத சாம்பல் வளையம் வந்ததும் நிறுத்தலாம். ஸ்பிரிங் போட்டு, துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம், கசியவில்லை. பேஸ்ட்டைக் கழுவுவதில் சோம்பல் கூடாது, மிச்சமிருந்தால் அது லைனரைத் தேய்க்கும்.

மாட்டும் முன் ஒரு சோதனை. பிஸ்டன் தலையில் கிரீஸ் வைத்து ஈயக்கம்பித் துண்டுகளை ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, ஃபிளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினோம். கழற்றி, நசுங்கிய கம்பியை அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று தெரியும். கையேட்டில் சொன்ன குறைந்த அளவுக்கு மேலேயே நின்றது. அதன்பின் புதுக் கேஸ்கெட். நட்டுகளைக் குறுக்குவாட்டில் மூன்று தவணையாக, கையேட்டு அளவுக்கு டார்க் ஸ்பெனரால் இறுக்கினோம். வால்வு இடைவெளி இஞ்சின் ஆறியிருக்கும்போது உள்வழிக்கு 0.35, புகைவழிக்கு 0.45 மி.மீ. இன்ஜெக்டருக்கு அடியில் புதுச் செம்பு வாஷர். பழையதை மறுபடி போட்டால் அங்கே ஊதும்.

மிதவைக்குக் கடையில் சொல்லிவைத்தும் கிடைக்கவில்லை, அதனால் செய்துகொண்டோம். ஒயின் பாட்டில் தக்கை (யார் குடித்தது என்று பெரியம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்), ஒரு சைக்கிள் கம்பி, மேல்முனையில் அண்ணியின் சிவப்பு நகப்பூச்சு. தெர்மோகோல் கொதிநீரில் சுருங்கிவிடும், தக்கை தாங்கும். பழைய மிதவையின் குழாயிலேயே வழுக்கி ஏறி இறங்குகிறது. சிவப்பு குழாய்க்குள் போய்விட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவும் ஓட்டத்தைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. தொட்டிக்கு இப்போது கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர். இந்த ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை, அதில் சுண்ணாம்பும் இல்லை.

டீசல் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி, அழுத்தம் விடும் நெம்பைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டிலைச் சுழற்றினான் தம்பி. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். நெம்பை விட்டதும் இருமியது, கறுப்பாக ஒரு புகை, பிறகு பிடித்துக்கொண்டது. தொட்டியில் குமிழ் இல்லை. தண்ணீர் கொதி வந்த பிறகும் தையலை டார்ச் அடித்துப் பார்த்தோம்; ஓர் ஊசியோரம் மட்டும் ஈரம் கோர்த்தது. கொஞ்ச நாள் ஓட்டத்தில் அதுவும் துருவேறி நின்றுவிட்டது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுவதும் ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி பார்த்தோம், ஒன்று கொஞ்சம் இடம் கொடுத்தது. நட்டை இறுக்கினால் வால்வு இடைவெளியும் மாறும், அதையும் திரும்ப வைத்தோம்.

இப்போது பாத்திக்குத் தண்ணீர் போகிறது. பம்பின் கிளாண்ட் பேக்கிங் (தண்டைச் சுற்றிய அடைப்பு) ஒழுகுகிறது, அதை அடுத்த வாரம் பிரிக்க வேண்டும்.